அத்தான் இன்னும் அப்பாவை ஐயா எண்டுதான் கூப்பிடுறார்

எங்கட வீட்டில அந்த விசயம் பிடிபட்டது ஒரு சொல்லால. 2004ம் ஆண்டு, காலபோக நெல்லு வெட்டு முடிஞ்ச கையோட, மாசி மாசம் எண்டு நினைக்கிறன், அம்மா குசினிக்குள்ள திருவலையில இருந்து தேங்காய் திருவிக்கொண்டு இருந்தவ. "அரிசி கழுவிட்டியோடி" எண்டு கேட்டா. அக்கா கிணத்தடியில நிண்டு "ஆமா" எண்டா.

திருவுற சத்தம் நிண்டிட்டுது.

வெளியாக்களுக்கு இது விளங்காது. எங்கட பக்கம் "ஓம்" எண்டுதான் சொல்லுவம், பிறந்ததில இருந்து சாகும் வரைக்கும் ஓம்தான். ஆமா எண்டு சொல்லுறது மலைநாட்டில இருந்து வந்த ஆக்கள், எங்கட வயலுக்கு களை பிடுங்கவும் அருவி வெட்டவும் வாறவை. அக்கா அப்ப ஏஎல் சோதினை எடுக்கிற வயசு, ஒரு நாளும் வீட்டில அந்தச் சொல்லு அவவின்ர வாயில வந்ததில்ல. மற்றவன்ர சொல்லு ஒண்டு தன்ர பாட்டில வாயில வந்து விழவேணும் எண்டா எத்தினை மணித்தியாலம் அவனோட கதைச்சிருக்கோணும் எண்டு அம்மா அந்த ஒரு நிமிசத்தில கணக்குப் போட்டிட்டா. கையைக் கூட கழுவாம வெளியில வந்து, "உந்தச் சொல்லு எங்க பழகினனீ?" எண்டு மெல்லமாத்தான் கேட்டா. அக்கா வாளியைப் பாத்துக்கொண்டு நிண்டவ. எனக்கு 11 வயசு. எனக்கு எல்லாம் தெரியும், ஏனெண்டா கடிதம் கொண்டு போறது நான்தான். ஒரு கடிதத்துக்கு ஒரு ஐஸ்பழம்.

இதை எழுதலாமோ எண்டு அக்காட்டக் கேட்டனான். "எழுது, பேர் போடாத" எண்டவ. அதால பேர் இல்ல.

எங்கட ஊர் வட்டக்கச்சி. இரணைமடுத் தண்ணி பாயிற குடியேற்றத் திட்டம், 1950களில காடு வெட்டி குடியேத்தினது. அப்பப்பா அப்ப யாழ்ப்பாணத்தில இருந்து வந்தவர், அங்க அவருக்குச் சொந்தமா ஒரு பரப்புக் காணியும் இல்ல, தமையன்ர வளவில ஒரு மூலையில இருந்தவர். இஞ்ச வந்து மூண்டு ஏக்கர் வயல் அரசாங்கக் காணிப் பெர்மிட்டில கிடைச்சுது, மலேரியாவும் கிடைச்சுது. யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர் வன்னிக்குப் போன ஆக்கள் எண்டு ஒரு மாதிரித்தான் பாக்கிறது, கலியாண வீட்டுக்குச் சொன்னாலும் கடைசிப் பந்தியிலதான் கூப்பிடுவினம் எண்டு அப்பம்மா சாகுமட்டும் சொல்லிக் குறைப்பட்டவ. அப்பிடிப்பட்ட எங்கட வீட்டுக்குத்தான் வேற ஆக்களைப் பாத்து "அவை ஆக்கள் வேற" எண்டு சொல்ல வாய் வந்தது.

வன்னியில ஆர் பெரியாள் ஆர் சின்னாள் எண்டு பாக்கிறதுக்கு பெரிய ஆராய்ச்சி ஒண்டும் தேவையில்ல, வாய்க்கால் எங்க முடியுது எண்டு பாத்தாக் காணும். வாய்க்கால் தண்ணி வாற இடத்தில பெர்மிட் வைச்சிருக்கிற ஆக்கள். தண்ணி ஏறாத மேட்டில, காட்டுக் கரையில, பெர்மிட் இல்லாம கொட்டில் போட்டுக்கொண்டு இருக்கிற ஆக்கள் மற்றவை. பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம் எண்டு கிளிநொச்சியைச் சுத்தி இருக்கிற ஊர்களில மலைநாட்டில இருந்து வந்த சனம் கனபேர் இருக்கினம். 1958 கலவரத்துக்குப் பிறகு கொஞ்சம், 70களில தோட்டங்களை அரசாங்கம் எடுத்து பஞ்சம் வந்த நேரம் கொஞ்சம், 1977 ஆவணிக் கலவரத்தில அடிவாங்கி உடுத்த துணியோட வந்தது கனபேர். அக்கா விரும்பினவன்ர வீட்டாக்கள் 77ல மாத்தளைப் பக்கத் தோட்டம் ஒண்டில இருந்து வந்தவை. அப்பாயி, அதாவது அவன்ர தகப்பன்ர தாய், நாங்களும் அவவை அப்பாயி எண்டுதான் கூப்பிடுறது, அது உறவுமுறை எண்டு தெரியாது, பேர் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனாங்கள். கொழுந்து எடுத்த விரல் மிளகாய் ஆயவும் நல்லா ஓடும் எண்டு அப்பப்பா சொல்லுவாராம்.

மிளகாய் எண்டோடன ஒரு கதை சொல்லோணும். 1970ல இருந்து 77 மட்டும் சிறிமா அம்மையாரின்ர ஆட்சியில வெளிநாட்டு மிளகாய், வெங்காயம் வாறதைக் கட்டுப்படுத்தினவை, அந்தக் காலம்தான் வன்னியில காசு புரண்ட காலம். அப்பப்பா எங்கட உழவு மெசினை அந்தக் காசிலதான் வாங்கினவர், சிவப்பு மசி பெர்குசன் டிராக்டர். அந்த மிளகாயை ஆய்ஞ்சது 77க்கு முன்னமே மலைநாட்டில இருந்து வந்து சேர்ந்திருந்த கூலிச்சனம். ஆனா மெசினைப் பற்றி எங்கட வீட்டில கதைக்கேக்க "அப்பப்பா உழைச்சது" எண்டுதான் கதை. நானும் கனகாலம் அப்பிடித்தான் சொன்னனான்.

சரி, அவன். அவனுக்கு அப்ப 22. 16 வயசில வரம்பு கட்ட வந்தவன், பிறகு எங்கட மெசின் ஓட ஆள் வேணும் எண்டு அப்பா பழக்கிவிட்டவர். மட்காட்டில என்னை ஏத்திக்கொண்டு போவான், கியர் போட விடுவான். என்னைத் "தம்பி" எண்டுவான், நான் அவனை "நீ, வா, போ". என்னில 11 வயசு மூப்பு, ஒருத்தரும் என்னைத் திருத்தேல்ல. சாப்பாடு குடுக்கிறது கிணத்தடி மாமரத்துக்குக் கீழ, தேத்தண்ணிக்கு ஒரு அலுமினியப் பேணி வேலிக் கதியாலில கவிட்டபடி கிடக்கும். அக்கா ஒருநாள் அந்தப் பேணியில தண்ணி குடிச்சவ, நான் கண்டனான். அவ தெரிஞ்சுதான் குடிச்சவவோ அவசரத்தில குடிச்சவவோ எண்டு இண்டைக்கும் கேக்கேல்ல.

எப்பிடித் தொடங்கினது எண்டு கேட்டா அக்கா சிரிப்பா. சூடு அடிக்கிற நாளில இரவு களத்தில நெல்லுக்குக் காவல் இருக்கேக்க, அப்பா நித்திரையாகிடுவார், சாப்பாடு கொண்டு போற சாட்டில அக்காவும் நானும் போவம், அவன் இருட்டுக்குள்ள அப்பாயி சொன்ன கதையெல்லாம் சொல்லுவான், தோட்டத்து லயத்தைப் பற்றி, அட்டை கடிக்கிறதைப் பற்றி, காலமை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போறதைப் பற்றி. 2003 கடைசியிலதான் இந்திய வம்சாவளி ஆக்களுக்குப் பிரஜாவுரிமை குடுக்கிற சட்டம் வந்தது. 1948ல பறிச்சது. அப்பாயி அந்த 55 வருசத்தையும் ரெண்டு நாட்டுக்கும் ஆளில்லாமத்தான் கழிச்சவ. 64ல சிறிமாவும் சாஸ்திரியும் இத்தினை பேர் உனக்கு இத்தினை பேர் எனக்கு எண்டு ஆக்களைப் பிரிச்ச நேரம் அப்பாயியின்ர கூடப்பிறந்த தமக்கை இந்தியாப் பக்கம் போட்டா, பேந்து முகம் பாக்கேல்ல. இதையெல்லாம் பள்ளிக்கூடத்தில எங்களுக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்ல. அக்கா வரலாறு படிச்சவ, அவவுக்கும் தெரியாது. ஒரு பெட்டையின்ர மனசு எங்க சாயும் எண்டு ஆருக்குத் தெரியும், என்ர அக்காவின்ர மனசு ஒரு கிழவியின்ர தமக்கை கப்பல் ஏறின கதையில சாய்ஞ்சிட்டுது.

பிடிபட்ட பிறகு அடி விழும் எண்டு நான் பயந்துகொண்டு இருந்தன். அப்பா அடிக்கேல்ல. சத்தம் கூடப் போடேல்ல. அடுத்த கிழமை அவையின்ர கணக்கை முடிச்சுக் குடுத்தார், பாக்கி இருந்ததை ஒரு சதம் குறையாம எண்ணிக் குடுத்தார், "இனி வேற ஆள் பாத்திட்டன்" எண்டார். அவ்வளவுதான். ஆனா அதுக்குப் பிறகு எங்கட வாய்க்காலில இருந்த ஒரு வயல்காரரும் அவையைக் கூப்பிடேல்ல. அப்பா ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லியிருக்க மாட்டார், சொல்லத் தேவையும் இல்ல. ஒரு போகம் முழுக்க தாய், தகப்பன், அவன், அப்பாயி நாலு பேரும் வேலை தேடி முரசுமோட்டைப் பக்கம் சைக்கிளில போய் வந்தவை. சினிமாவில எண்டா அரிவாள் தூக்குவினம். எங்கட ஊரில கூலியை நிப்பாட்டுவினம், சாப்பாட்டில கை வைச்சாக் காணும், காதல் தானா அடங்கும் எண்டு எல்லாருக்கும் தெரியும்.

கிளப்பிக்கொண்டு போயிருக்கலாம்தானே எண்டு நீங்கள் கேப்பீங்கள். 18 தாண்டினா எழுத்து எழுதலாம், அதாவது கலியாணத்தைப் பதியலாம். சீதனம் வாங்கப்படாது, சாதி பாக்கப்படாது எண்டு இயக்கத்தின்ர, அதாவது புலிகளின்ர, சட்டம் இருந்த காலம், அதால வெளியில சாதி எண்டு ஒருத்தரும் வாய் திறக்கிறேல்ல, "ஆக்கள் வேற", "பழக்கவழக்கம் வேற" எண்டு வேற வேறயாச் சொல்லிச் சமாளிக்கிறது, வீட்டுக்குள்ள மட்டும் தோட்டக்காட்டான் எண்டு சொல்லுவினம். கிளப்பிக்கொண்டு போனா எங்க இருக்கிறது? ஒரு கொட்டில், அதுக்குள்ள ஏற்கனவே நாலு பேர். அடுத்த நாள் எந்த வயலுக்குப் போறது? அவன்தான் வேண்டாம் எண்டவனாம். "உங்க அப்பா வயல்ல வேலை இல்லன்னா பரவால்ல, ஊர் வயல்ல எல்லாம் இல்லன்னா அப்பாயிக்கு நான் என்னத்த குடுப்பேன்" எண்டு கேட்டவனாம். அக்காவுக்கு அந்த நேரம் கோவம் வந்ததாம். பிறகுதான் விளங்கினதாம்.

அக்காவை யாழ்ப்பாணத்தில, கொக்குவிலில மாமி வீட்ட அனுப்பினவை, கம்பியூட்டர் கிளாஸ் எண்டு சாட்டு. ரெண்டு வருசம். 2006 வைகாசியில வற்றாப்பளைப் பொங்கலுக்கு எண்டு அம்மாவைக் கெஞ்சி வந்தவ, காய்ச்சல் அது இது எண்டு இழுத்துக்கொண்டு நிண்டவ. ஆகஸ்ட் 11ம் திகதி முகமாலையில சண்டை தொடங்கி யாழ்ப்பாணப் பாதை பூட்டு. மாவு இல்ல, மண்ணெண்ணெய் இல்ல, சனம் எல்லாம் தலையில கை வைச்சுக்கொண்டு இருக்குது, எங்கட வீட்டில ஒராள் மட்டும் பாட்டுப் பாடிக்கொண்டு முத்தம் கூட்டினவ. நான் திரும்பவும் தபால்காரன். ஐஸ்பழம் விலை ஏறியிருந்தது.

பிறகு நடந்ததை எல்லாரும் எழுதியிட்டினம், நான் எழுத வேண்டியதை மட்டும் எழுதுறன். 2008 மார்கழி, செல்லடி கிட்ட வந்திட்டுது, எல்லாரும் கூரை கழட்டி ஏத்தினம். புது ரைவர் தன்ர குடும்பத்தோட போட்டான். அப்பாவுக்கு மெசின் ஓடேலாது, முழங்கால் வருத்தம். அண்டைக்குப் பின்னேரம் அப்பா சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு மழைச் சேத்துக்குள்ளால ரெண்டு வாய்க்கால் தாண்டி அவன்ர கொட்டிலுக்கு நடந்து போனவர், நானும் பின்னால போனனான். படலைக்கு வெளியில நிண்டு கூப்பிட்டவர், பேர் சொல்லேல்ல. "இஞ்ச" எண்டுதான் கூப்பிட்டவர். அவன் வெளியில வந்து, விசயம் கேட்டு, அப்பாயியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அண்டைக்கு இரவு எங்கட மெசின் பெட்டியில எங்கட தகரம், எங்கட நெல்லு மூட்டை, அதுக்கு மேல அவையின்ர சட்டி பானை, அதுக்கு மேல எல்லாரும்.

தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், தேவிபுரம். ஒவ்வொரு இடத்திலயும் ஒரு பங்கர், ரெண்டு வீட்டுக்கும் சேத்து ஒண்டு, வெட்டுறது அவனும் அவன்ர தகப்பனும் நானும். கதியாலில கவிட்ட பேணி எங்க விடுபட்டுது எண்டு தெரியாது. தேவிபுரத்தில அவன்ர தாய் செல்லில செத்துப்போனா. அப்பா முழங்காலையும் பாக்காம இறங்கி நிண்டு குழி வெட்டினவர். எங்கட வயலில இருபது வருசம் களை பிடுங்கின மனிசி. மெசினை மாத்தளனுக்கு இஞ்சால விட்டம், எத்தினை ஆயிரம் வாகனத்தோட அதுவும் ஒண்டு. 2009 ஏப்ரல் 20ம் திகதி கடல்நீரேரிக்குள்ளால வெளியில வந்தம்.

வவுனியாப் பக்கம் இடம்பெயர்ந்த சனத்தை வைச்சிருந்த மெனிக் பாமில எங்களுக்குக் கிடைச்சது இராமநாதன் முகாம். பக்கத்தில அருணாசலம் முகாம். ஆர் பேர் வைச்சவனோ தெரியாது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் எல்லாருக்கும் வாக்குரிமை குடுக்கிறது பிழை எண்டு நிண்ட மனிசன், படிச்சவனும் காணிக்காரனும் போட்டாக் காணும் எண்டு. அவர்ர பேர் போட்ட முகாமில எங்கட அப்பாவும் அவன்ர தகப்பனும் ஒரே வரிசையில பவுசர் தண்ணிக்கு வாளியோட நிண்டவை, அவன்ர தகப்பன் நாலாள் முன்னுக்கு. ஆவணி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, வெள்ளைக் கூடாரத்துக்குள்ள, அப்பாயி நூலில மஞ்சள் முடிஞ்சு குடுக்க அவன் அக்காவுக்குக் கட்டினான். அம்மா அழுதவ, ஆனா பால்மாவில பாயாசம் மாதிரி ஒண்டும் காய்ச்சினவ. அப்பா தலையில கை வைச்சு ஆசீர்வாதம் பண்ணினவர். நான் கண்ணால கண்டனான், அதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்லுறன் எண்டா பிறகு அப்பா அப்பிடி ஒண்டு நடந்ததாவே காட்டிக்கொள்ளேல்ல.

2010ல ஊருக்கு விட்டவை. பஸ்ஸால இறங்கின அண்டைக்கு கூட எல்லாரும் ஒண்டாத்தான் நிண்டம். அடுத்த கிழமை ஃபோம் வந்தது. காணி ஆற்ற பேரில? பெர்மிட் இருக்கோ? பெர்மிட் இருந்தா வீட்டுத் திட்டத்தில ஒரு வீடு. பெர்மிட் இல்லாட்டி தகரமும் தறப்பாளும், பாப்பம் எண்டு ஒரு சொல்லும். எங்கட அம்மா பெர்மிட்டை பிளாஸ்டிக் பையில சுத்தி வயித்தோட கட்டிக்கொண்டு கடல் தாண்டினவ. அவன்ர வீட்டில கட்டிக்கொண்டு வர ஒண்டும் இருக்கேல்ல.

எங்கட வீட்டுக்கு அத்திவாரம் வெட்டின மாசம்தான் அம்மா முதல்தரம் சொன்னவ, "எழுத்து எழுதேல்லத்தானே." அதுக்குள்ள கனடாவில ஒரு பெடியன்ர சாதகம் வந்திட்டுது. முகாமில நடந்ததை முகாமோட விடுவம் எண்டு அம்மா சொன்னது எனக்கு இப்பவும் காதுக்குள்ள கிடக்கு. அவ கெட்ட மனிசி இல்ல. சுவர் எழும்ப எழும்ப பழைய ஆளாகிக்கொண்டு வந்தா, அவ்வளவுதான். அக்கா ஒண்டும் கதைக்கேல்ல, ஒருநாள் விடிய ரெண்டு சட்டையை ஒரு ஷொப்பிங் பையில போட்டுக்கொண்டு வாய்க்கால் கட்டால நடந்து போட்டா. எழுத்துக்குச் சாட்சி வைக்க எங்கட பக்கத்தில ஒருத்தரும் போகேல்ல. எனக்கு 17, வயசு காணாது. காணாது எண்டது எனக்கு நல்ல வசதியாவும் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேணும்.

அஞ்சாறு வருசம் கதை பேச்சு இல்ல. அக்காவுக்குப் பெட்டை பிறந்த பிறகு அம்மா கொஞ்சம் கொஞ்சமா இறங்கினா. இப்ப பேத்தி "அம்மம்மா வாங்க" எண்டா அம்மாவும் "வாறேன் வாறேன்" எண்டு அவையின்ர பாசையிலயே சொல்லுவா, தனக்குத் தெரியாமலே. அத்தான் இப்ப வாடகைக்கு வெட்டு மெசின் ஓடுறார், சீசனில பொலனறுவை மட்டும் போய் வாறார். நானும் இப்ப "நீங்கள்" எண்டுதான் கதைக்கிறது, பழக்க நாலு வருசம் எடுத்தது.

காணி விசயம் மட்டும் அப்பிடியே கிடக்கு. அப்பா பெர்மிட்டுக்குப் பின்னுரித்து என்ர பேரில எழுதிப்போட்டார். 1935ம் ஆண்டுக் காணிச் சட்டத்தில ஆம்பிளைப் பிள்ளைக்குத்தான் முதலிடம், 2022லதான் அதை மாத்தினவை, ஆனா பேர் குறிச்சு எழுதினா எழுதினதுதான். அக்காவுக்கு ஒரு ஏக்கர் பிரிச்சுக் குடுக்கலாமோ எண்டு நான் போய் விசாரிச்சனான், அப்பிடித் துண்டு போடேலாது எண்டு விட்டினம். அது உண்மையில ஏலாத காரியமோ, இன்னும் ரெண்டு தரம் அலைஞ்சா ஏலுமோ தெரியேல்ல. நான் ரெண்டாம் தரம் போகேல்ல. இந்தப் போகம் அந்த வயலை வெட்டினது அத்தான்தான், ஏக்கருக்கு ஊர் றேட். கையில காசைக் குடுக்கேக்க நான் எண்ணித்தான் குடுத்தனான், அவரும் எண்ணித்தான் வாங்கினவர்.

போன புரட்டாதி அப்பாவுக்கு நெஞ்சு நோ எண்டு ஆசுப்பத்திரிக்குக் கொண்டு ஓடினது அத்தான். விடிய ரெண்டு மணிக்கு ஓட்டோ பிடிச்சு, தோளில தாங்கி ஏத்தி. நான் மோட்டச்சைக்கிளில பின்னால போய்ச் சேரேக்க வார்ட்டில ஏத்தியாச்சு. அத்தான் அப்பாவின்ர செருப்பை ஒரு கையிலயும் பையை மற்றக் கையிலயும் வைச்சுக்கொண்டு கட்டிலடியில நிண்டவர். நேர்ஸ் பிள்ளை துண்டு எழுதிக்கொண்டு, கூட நிக்கிற ஆள் ஆர் ஐயா, மகனோ எண்டு கேட்டவ. அப்பா கண்ணைத் திறந்து பாத்தார். என்னைப் பாக்கேல்ல, அத்தானைத்தான் பாத்தார்.

"எங்கட மெசின்காரப் பெடியன்" எண்டார்.

நேர்ஸ் எழுதிக்கொண்டு போட்டா. நானும் ஒண்டும் சொல்லேல்ல. மருமகன் எண்டு அஞ்சு எழுத்து, வாயில வந்து நிண்டது, சொல்லேல்ல. விடிஞ்சு திரும்பி வரேக்க அத்தான் மோட்டச்சைக்கிளில என்ர பின்னால இருந்தவர். பரந்தன் சந்தியில கடை திறந்திருந்தது. "தம்பி, கொஞ்சம் நிப்பாட்டுங்க, மத்தியானம் போறப்ப ஐயாவுக்கு தோடம்பழம் எதும் வாங்கிட்டுப் போவமா" எண்டு கேட்டவர்.

நிப்பாட்டினன். நாலு பழம் வாங்கினம். காசு அவர்தான் குடுத்தவர்.